வெளிநாட்டுப் பத்திரிகைக்கு நிருபராக வேண்டுமா? டெல்லித் தமிழர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் தரிசனம் முடித்துப் படி இறங்கினால், செருப்பை மாட்டுவதற்குள் யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "மகள் இதழியல் படிக்கிறாள், உங்களிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம்." தமிழ்ச் சங்க விழாக்களிலும் இதே கதைதான். 2009-இல் ஒரு தமிழ் நாளிதழின் நிருபராக இந்த ஊருக்கு வந்தேன். 2017-க்குப் பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். நடுவில் இரண்டு ஆண்டு பாங்காக்கில் இருந்தேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட தொனியை மாற்றவில்லை. விசா விதிகளும் வரி விதிகளும் அடிக்கடி மாறுபவை. கிளம்புமுன் தூதரகத்திலும் ஆடிட்டரிடமும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. வெளிநாட்டு நிருபர் என்றால் இங்கே வந்திருக்கும் வெள்ளைக்காரரா, அங்கே போயிருக்கும் நம் ஆளா?

இருவரும்தான். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: டெல்லியில் உட்கார்ந்தபடி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு எழுதும் இந்தியர். என்னிடம் கேட்க வருகிறவர்கள் மனத்தில் இருப்பது இரண்டாம் வகை. ஆனால் பத்தில் எட்டுப் பேருக்கு வாசல் திறப்பது மூன்றாம் வகையில்தான். அங்கிருந்து இரண்டாவதற்குப் போகலாம். நான் போனதும் அப்படித்தான்.

எல்லைக்கு அப்பாலிருந்து எழுதுவது தமிழருக்குப் புதிதல்ல. 1908-இல் கைதுக்குத் தப்பி, பாரதி பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்குப் போனார். 'இந்தியா' இதழ் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை விழுந்ததும் 1910-இல் நின்றது. எழுதியவர் பத்திரமாக இருந்தும் வாசகர் கைக்கு இதழ் போய்ச் சேரவில்லை. இந்தச் சிக்கல் இன்றும் பல நாடுகளில் அப்படியே இருக்கிறது.

2. ஸ்ட்ரிங்கர், ஃபிக்ஸர், பீரோ என்கிறீர்களே, இதெல்லாம் என்ன மேடம்?

நான் "பீரோவில் வேலை" என்று சொன்னபோது, துணி அடுக்கும் அலமாரிக்குள் என்ன வேலை என்று என் அம்மா கேட்டார். இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்தான். நம் வீட்டில் அது அலமாரியானது, பத்திரிகைக்காரர்களிடம் கிளை அலுவலகமானது. பீரோவின் தலைவர் பெரும்பாலும் தாய்நாட்டிலிருந்து அனுப்பப்பட்டவர். மூன்று, நான்கு ஆண்டுகளில் மாறிப் போவார். கூட இருக்கும் இந்திய நிருபர் மாறமாட்டார். அலுவலகத்தின் நினைவு முழுவதும் அவர் தலையில்தான் இருக்கும்.

ஸ்ட்ரிங்கர் என்றால் மாதச் சம்பளம் இல்லாமல் கட்டுரைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர். நம் மாவட்டப் பகுதிநேர நிருபரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு சிறு தொகை தந்து "எங்களுக்கே முதலில் சொல்" என்றால் அதற்கு ரிடெய்னர் என்று பெயர். ஃபிக்ஸர், வந்து இறங்கும் நிருபருக்கு ஆள் பிடித்து, வண்டி பிடித்து, மொழிபெயர்த்து, சில சமயம் அடிவாங்காமல் காப்பாற்றுகிறவர். நாள் கணக்கில் கூலி. இந்தச் சொல்லில் ஒரு தரகர் வாடை அடிப்பதால், சிலர் இப்போது உள்ளூர்த் தயாரிப்பாளர் என்கிறார்கள். வேலை அதேதான்.

3. ஆங்கிலம் சுமாராகத்தான் வரும். முடியுமா?

முடியும். அலங்கார ஆங்கிலம் யாருக்கும் வேண்டாம். அதைச் சரிசெய்ய அங்கே டெஸ்கில் ஆட்கள் இருக்கிறார்கள். பிழையில்லாத சிறு வாக்கியம் எழுதத் தெரிந்தால் போதும். தொலைபேசியில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வர வேண்டும். நானே திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளியில் படித்தவள்தான். உண்மையில் எனக்கு டெல்லியில் தடையாக இருந்தது ஆங்கிலம் அல்ல, இந்தி. அதைக் கற்காமல் இந்த ஊரில் காவல் நிலையத்து வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

தமிழிலேயே எழுதும் வாய்ப்புகளும் உண்டு. பிபிசியின் தமிழ்ச் சேவை 1941-இல் தொடங்கியது. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' 1935 முதல் வருகிறது. சீன வானொலிகூட 1963 முதல் தமிழில் பேசியிருக்கிறது. இவற்றில் இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

4. இதழியல் பட்டம் கட்டாயமா?

இல்லை. படித்தால் நல்லது, சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், டெல்லியில் ஐஐஎம்சி என்ற இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம், ஜாமியா பல்கலைக்கழகத்தின் ஊடக மையம் ஆகியவற்றில் பாடத்தைவிட உடன் படிப்பவர்கள் முக்கியம். பத்து ஆண்டு கழித்து அவர்கள்தான் பத்து பீரோக்களில் இருப்பார்கள். கடன் வாங்கி வெளிநாட்டில் முதுகலை படிக்கலாமா என்றால், இரண்டு ஆண்டு களத்தில் வேலை பார்த்தபின் கேளுங்கள் என்பேன். அனுபவம் உள்ள நிருபர்களுக்கு உதவித்தொகையோடு அழைப்புகள் இருக்கின்றன: ஆக்ஸ்ஃபோர்டில் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட், ஹார்வர்டில் 1938 முதல் நடக்கும் நீமன், தெற்காசிய நிருபர்களுக்கான செவ்னிங், ஐ.நா. சபையிலிருந்து செய்தி எழுத டாக் ஹாமர்ஷீல்ட் நிதியம். இவை கேட்பது மதிப்பெண்ணை அல்ல, அச்சான வேலையை.

5. டெல்லிக்கு வந்தே ஆக வேண்டுமா? சென்னையிலிருந்து எழுதினால் எடுக்க மாட்டார்களா?

எடுப்பார்கள். ஆனால் பெரும்பாலான வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு டெல்லிதான் தெற்காசிய அலுவலகம். நேபாளம், இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு எல்லாவற்றையும் இங்கிருந்தே பார்க்கிறார்கள். மதுரா ரோட்டில் வெளிநாட்டு நிருபர்கள் கிளப் இருக்கிறது, ரைசினா ரோட்டில் பிரஸ் கிளப் இருக்கிறது. வேலை காலியாக இருப்பது விளம்பரத்தில் வருமுன் அங்கே தேநீரோடு வந்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ் நிருபருக்கு டெல்லியே முதல் வெளிநாடு. வந்த புதிதில் ரஃபி மார்க் ஐஎன்எஸ் கட்டடத்தில், மாநிலப் பத்திரிகைகள் அடுக்கடுக்காகக் குடியிருந்த அறைகளில் ஒன்றில் எனக்கு ஒரு மேசை. மொழி தெரியாது, முனீர்காவில் வீட்டுக்காரருக்கு என் பெயர் வாயில் நுழையாது, ஜனவரிக் குளிரில் கை விறைத்துக் குறிப்பெடுக்க வராது. பக்கத்து யுஎன்ஐ செய்தி நிறுவனத்தின் கேண்டீன் தோசை இல்லாவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே ரயில் ஏறியிருப்பேன். இந்த ஊரில் ஆள் பழகி, நம்பகமான பத்துத் தொலைபேசி எண் சேர்க்க எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. பாங்காக்கில் அதே வேலைக்கு ஐந்து மாதம்தான் பிடித்தது.

6. உங்களுக்கு முதல் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது?

மண்டையோட்டினால். 2017 மார்ச்சில் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தார்கள். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. வறட்சி நிவாரணமும் கடன் தள்ளுபடியும் கேட்டு, கழுத்தில் மண்டையோடு மாட்டிக்கொண்டும் எலியைப் பல்லில் கவ்விக்கொண்டும் 41 நாள் போராடினார்கள். உலகப் பத்திரிகைகளின் கேமராக்கள் எல்லாம் வந்தன. படம் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. அந்தப் பெரியவர்களுக்கு இந்தி தெரியாது, வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

ஓர் ஐரோப்பிய நாளிதழின் நிருபர் என்னிடம் வந்து, அங்கிருந்த ஒரு பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். கோரிக்கை என்ன, எந்தக் கட்சி ஆதரவு என்று நாங்கள் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது: "கடைசியாக எப்போது விதைத்தார், அந்த விதைக்குக் காசு யார் கொடுத்தது?" பெரியவர், "சம்பாவுக்கு நாற்றங்கால் போட்டேன், நாற்றோடு போயிற்று; காசு மகள் தோடு" என்றார். நாற்றங்கால் என்பதை மொழிபெயர்க்க அரை நிமிடம் திணறினேன். மகள் தோடு என்பதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர் காதைத் தொட்டுக் காட்டிவிட்டார்.

நான்கு நாள் அந்த நிருபரோடு இருந்தேன். சம்பா என்றால் என்ன, காவிரியில் தண்ணீர் யார் திறப்பது, கூட்டுறவுக் கடனுக்கும் வங்கிக் கடனுக்கும் என்ன வித்தியாசம் என்று, எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்தவற்றை முதல்முறையாக விளக்கிச் சொல்ல வேண்டிவந்தது. இந்த வேலையின் பாதி அதுதான். அடுத்த மாதம் தன் ஆசிரியருக்கு என்னை அறிமுகம் செய்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்.

7. கட்டுரை யோசனையை எப்படி அனுப்புவது?

இதற்குப் பிட்ச் என்று பெயர். அரைப் பக்கம் போதும். என்ன நடக்கிறது, ஏன் இப்போது, யாரிடம் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள், எத்தனை நாளில் தருவீர்கள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "தமிழக மீனவர் பிரச்சினை பற்றி எழுத விரும்புகிறேன்" என்பது பிட்ச் அல்ல, அது ஒரு தலைப்பு. "ராமேஸ்வரத்தில் இலங்கைக் கடற்படை பிடித்த படகுகளின் சொந்தக்காரர்கள், திரும்பி வராத படகுக்கு இன்னும் தவணை கட்டுகிறார்கள், மூன்று பேரிடம் பேசிவிட்டேன், ரசீதுகள் பார்த்தேன்" என்றால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார். திருநெல்வேலியில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் ஒஸ்லோவில் இருக்கும் ஒரு பாட்டிக்கும் ஒரே நேரத்தில் புரிகிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

நேரம் பார்த்து அனுப்புங்கள். கோடையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. நியூயார்க்கில் காலை பத்து என்றால் இங்கே கோடையில் மாலை ஏழரை. டெல்லியில் இந்த வேலை செய்கிறவர்களின் இரவுச் சாப்பாடு எப்போதும் ஆறிப்போனதுதான்.

8. பதிலே வரவில்லை. என் யோசனையைத் திருடிவிடுவார்களோ?

நடந்திருக்கிறது, ஆனால் நினைக்கும் அளவுக்கு அல்ல. பெரும்பாலும் வாசிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஒரு வாரம் பாருங்கள், ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், பிறகு வேறு இடத்துக்கு அனுப்புங்கள். ரசீது காட்டியவரின் பெயரையும் எண்ணையும் மட்டும் பிட்ச்சில் எழுதாதீர்கள். தலைப்பைத் திருடலாம், உங்களை நம்பிப் பேசிய ஆளைத் திருட முடியாது.

9. எவ்வளவு கிடைக்கும்? நேராகச் சொல்லுங்கள்.

என் முதல் கட்டுரைக்கு 150 டாலர். வங்கிகள் நடுவில் கடித்துக்கொண்டு என் கணக்கில் விழுந்தது 128. சிலர் சொல் கணக்கில் தருவார்கள், சிலர் கட்டுரைக்கு மொத்தமாக. எழுதச் சொல்லிவிட்டு வேண்டாம் என்றால் கில் ஃபீ என்று ஒரு பகுதி தர வேண்டும். ஆனால் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்கினால்தான் அது நிஜம். பயணச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஓர் இதழ் எனக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் பணம் தந்தது. அதற்குள் நான் ஜார்க்கண்டுக்குப் போய்வந்த டாக்ஸிக்காரர் என் எண்ணைத் தடைசெய்துவிட்டார்.

வரி விஷயம் சலிப்பானது, தவிர்க்க முடியாதது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை ஏற்றுமதிக் கணக்கில் வரும். எல்யூடி என்ற உறுதிப் பத்திரத்தை ஆண்டுதோறும் தாக்கல் செய்தால் ஜிஎஸ்டி கட்டாமல் பில் அனுப்பலாம். வருமான வரி தனி. அமெரிக்க நிறுவனமானால், அவர்கள் வரிக் கணக்கில் நீங்கள் வெளிநாட்டவர் என்பதற்கு டபிள்யூ-8பென் படிவம் கேட்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு பக்கம்தான். வங்கி தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றுகளைக் கோப்பில் போட்டு வையுங்கள்.

முதல் இரண்டு ஆண்டு இதை மட்டும் நம்பி டெல்லி வாடகை கட்ட முடியாது. நான் மாலையில் மொழிபெயர்ப்பு செய்தேன்.

10. உழைப்பது நான், பெயர் வருவது அவருக்கா?

சில சமயம். கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் "செய்தி உதவி" என்று வந்தால் அதையும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பேசியது யார், ஆளைக் கண்டுபிடித்தது யார் என்று யோசித்து, இணைப் பெயர் வேண்டும் என்று வேலை தொடங்குமுன் கேளுங்கள். முடிந்தபின் கேட்டால் சண்டை.

ஆனால் பெயர் வராமல் இருப்பதே நல்லது என்ற இடங்களும் உண்டு. கட்டுரை வந்த மறுநாள் வெளிநாட்டு நிருபர் விமானம் ஏறிவிடுவார். அந்த மாவட்டத்தில் தொடர்ந்து இருக்கப் போவது நீங்களும், பேசியவர்களும்தான். என் பெயரை நானே எடுக்கச் சொன்ன கட்டுரைகள் இரண்டு இருக்கின்றன.

11. பிஐபி கார்டு இல்லாமல் வேலை செய்ய முடியுமா?

முடியும். பிஐபி என்பது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம். பத்திரிகையாளராக இருக்க அது தரும் அட்டை தேவையில்லை. அமைச்சகக் கட்டடங்களுக்குள் எளிதாக நுழையத்தான் அது வேண்டும். 2022 விதிகளின்படி முழுநேர நிருபருக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும், சுதந்திரப் பத்திரிகையாளருக்கு 15 ஆண்டு. ஆகவே நாளிதழ் வேலையை விட்டுவிடத் துடிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான் போடாமல் விட்டேன்.

12. வெளிநாட்டில் போய்ச் செய்தி எழுத என்ன விசா வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் ஐ விசா: நீங்கள் வேலை செய்யும் ஊடகத்தின் தலைமையகம் அமெரிக்காவுக்கு வெளியே இருக்க வேண்டும். சுதந்திர நிருபருக்கு அப்படி ஓர் ஊடகத்தின் ஒப்பந்தம் வேண்டும். நியூயார்க் பத்திரிகையில் நியூயார்க்கிலேயே வேலை செய்ய இது உதவாது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். பிரிட்டனில், வெளிநாட்டு ஊடகத்துக்காகக் கொஞ்ச நாள் போய்ச் செய்தி சேகரிப்பது பார்வையாளர் விசாவிலேயே அனுமதிக்கப்படுகிறது; அங்கே குடியிருந்து வேலை செய்வது வேறு கதை. சீனாவில் நீண்ட காலத்துக்கு ஜே-1, குறுகிய காலத்துக்கு ஜே-2. ஜப்பானில் பத்திரிகையாளருக்கென்றே தனி வசிப்பு அந்தஸ்து இருக்கிறது.

தாய்லாந்தில் எனக்குக் கிடைத்தது எம் விசா. பத்திரிகையின் நியமனக் கடிதம், இதுவரை எழுதியவற்றின் மாதிரிகள் என்று ஒரு கட்டு. கையெழுத்துப் போடுமுன் அந்த நாட்டுச் சட்டத்தையும் படித்துக்கொண்டு போனேன். அங்கே குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவின்படி அரச குடும்பத்தை அவமதித்தால் ஒரு குற்றச்சாட்டுக்கு மூன்று முதல் 15 ஆண்டு வரை சிறை. டெல்லிப் பழக்கத்தில் தேநீர்க் கடையில் அரசியல் பேசுவது போல அங்கே பேச முடியாது.

13. டூரிஸ்ட் விசாவில் போய் இரண்டு கட்டுரை எழுதிவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும்?

உங்கள் பெயரை இணையத்தில் தேடத் தெரிந்த எல்லாருக்கும். விசாப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் பொய் எழுதினால், அடுத்த பத்து ஆண்டுக்கு அந்த நாட்டுக் கதவை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள். அதைவிட மோசம், உங்களோடு பேசிய உள்ளூர்க்காரர் விசாரணைக்குப் போவார். 10-ஆம் பதிலில் சொன்னதுதான்: விமானம் ஏறுவது நாம், இருப்பது அவர்கள்.

14. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு உலக நிருபராக முடியுமா? எல்லா இடத்திலும் தடையாமே?

தடை உண்டு. நாடுகள் சண்டையிட்டால் முதலில் அடிபடுவது நிருபர் விசா. 2014 மே மாதம் இஸ்லாமாபாத்தில் இருந்த இந்திய நிருபர்கள் இரண்டே பேர், 'தி இந்து' நாளிதழுக்கு ஒருவர், பிடிஐ செய்தி நிறுவனத்துக்கு ஒருவர். இருவரையும் பாகிஸ்தான் வெளியேறச் சொன்னது. 2023-இல் இந்தியாவும் சீனாவும் மாறி மாறி நிருபர் விசாக்களை நிறுத்தின. அந்த நாட்டில் நுழையும்போது மட்டும் அல்ல, இங்கிருந்து கிளம்பும்போதும் தடை வரலாம். 2022 அக்டோபரில் காஷ்மீர்ப் புகைப்படக் கலைஞர் சன்னா இர்ஷாத் மட்டூ புலிட்சர் பரிசு விழாவுக்காக நியூயார்க் செல்ல வந்தபோது, டெல்லி விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டார்.

ஆனால் இந்தப் பாஸ்போர்ட்டும் நம் மொழியும் சாவியாகும் இடங்களும் உண்டு. 2022-இல் வேலை என்று நம்பித் தாய்லாந்துக்குப் போன இந்திய இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். எல்லையாக ஓடும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் மே சோட் என்ற தாய்லாந்து எல்லை ஊரில் பல நாட்டு நிருபர்கள் இருந்தார்கள். தப்பி வந்த ஒரு பையன் முதலில் வாய் திறந்தது, "சாப்பிட்டாயா தம்பி" என்று நான் கேட்டபிறகுதான். பாங்காக்கில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில் வாசலில் கிடைத்த தொடர்பு வழியாகத்தான் அவன் இருக்கும் இடமே எனக்குத் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைக் கட்டியது தமிழர்கள். என் செய்திக்கும் அங்கேயே வழி இருந்தது.

15. வெளிநாட்டு அமைப்பு ஒன்று கட்டுரைக்கு நிதி தருகிறது. வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, மூன்றாம் பிரிவில் யார் யார் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்று சொல்கிறது. தேர்தல் வேட்பாளர்கள், நீதிபதிகள், எம்.பி.க்களோடு அதே பட்டியலில் பதிவுபெற்ற செய்தித்தாளின் நிருபரும் பத்தி எழுத்தாளரும் கார்ட்டூனிஸ்ட்டும் இருக்கிறார்கள். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

நான்காம் பிரிவு விதிவிலக்குகளைச் சொல்கிறது: செய்த வேலைக்குச் சம்பளம், ஊதியம், படிப்பு உதவித்தொகை போன்றவை நன்கொடை ஆகாது. ஆகவே 9-ஆம் பதிலில் சொன்ன கட்டுரைக் கூலி வேறு, "நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று வரும் நிதி வேறு. நடுவில் இருப்பவைதான் வில்லங்கம். ஒப்பந்தத்தில் என்ன வேலை, என்ன ஊதியம் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டியபின் கையெழுத்திடுங்கள். இதற்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு அல்ல.

16. என் அக்கா மகன் அமெரிக்கக் குடிமகன், ஓசிஐ வைத்திருக்கிறான். இங்கே வந்து எழுதலாம்தானே?

அப்படியே எழுத முடியாது. ஓசிஐ என்பது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி ஓசிஐ வைத்திருப்பவர் பத்திரிகைப் பணி செய்யச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். வீடு வாங்கலாம், வேலை பார்க்கலாம், ஆனால் நிருபராக இருக்கத் தனிச் சீட்டு. ஓசிஐ இல்லாத வெளிநாட்டவர் பத்திரிகையாளருக்கான ஜே விசாவில் வர வேண்டும். சில எல்லைப் பகுதிகளுக்குப் போக அவர்களுக்கு மேலும் ஓர் அனுமதி வேண்டும். இந்த இடங்களுக்கெல்லாம் அவர்கள் சார்பில் போய் வருகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான் என்பதால், இது உங்கள் பிழைப்போடும் சம்பந்தப்பட்டது.

17. எனக்குப் போர் நிருபராக வேண்டும் அக்கா.

வாரம் ஒருவர் சொல்கிறார். தானிஷ் சித்திக்கி ஜாமியாவில் படித்த டெல்லிக்காரர், ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர், ரோஹிங்கியாப் படங்களுக்காக 2018-இல் புலிட்சர் பெற்ற குழுவில் இருந்தவர். அனுபவம், பெரிய நிறுவனம், பாதுகாப்புக் கவசம் எல்லாம் இருந்தும் 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் கொல்லப்பட்டார். இவை எதுவும் இல்லாமல், கையில் ஒரு கேமராவோடு போகிறேன் என்பவரிடம் நான் பேச்சைத் தொடர்வதில்லை.

போயே ஆக வேண்டும் என்றால் அபாயப் பகுதிப் பயிற்சி எடுங்கள். ஐந்தாறு நாளில் ரத்தப்போக்கை நிறுத்துவது, சோதனைச் சாவடியில் நடந்துகொள்வது, கண்ணிவெடி ஆகியவற்றைச் சொல்லித் தருவார்கள். சுதந்திர நிருபர்களுக்கு இதற்கு உதவ லண்டனில் ரோரி பெக் அறக்கட்டளை இருக்கிறது. காப்பீடு தராத பத்திரிகைக்காகப் போகாதீர்கள். "முதலில் போங்கள், கட்டுரை வந்தால் பார்க்கலாம்" என்று எந்த ஆசிரியராவது சொன்னால், அவர் உங்கள் உயிரைக் கடனாகக் கேட்கிறார்.

18. பெண் பிள்ளையை இந்த வேலைக்குத் தனியாக அனுப்பலாமா?

பெற்றோர் இதை மகள் எதிரிலேயே கேட்பார்கள். நான் மகளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். ஒரு காலத்தில் இந்த ஊர் வானொலியிலிருந்து "செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரல் தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்கெல்லாம் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இப்போது இப்படிக் கேட்கிறார்கள்.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். இரவில் வெளியூரில் தங்குமிடத்தை நான் சமூக ஊடகத்தில் சொல்வதில்லை. வண்டி ஓட்டுநரை முதல் நாளே பகலில் பார்த்துவிடுவேன். திட்டமிட்ட நேரத்தில் குறுஞ்செய்தி வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தோழி ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆண் நிருபர் நுழைய முடியாத வீட்டின் பின்கட்டுக்குள் நான் எளிதாகப் போய் உட்கார்ந்துவிடுவேன். என் நல்ல கட்டுரைகளில் பாதி அடுப்படியில் கிடைத்தவை.

19. இந்தியாவைக் குறை சொல்வதற்கென்றே இருக்கும் பத்திரிகைகளுக்கு எழுத உங்களுக்குக் கூசவில்லையா?

இதைக் கேட்பவர் பெரும்பாலும் சாப்பாட்டுப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பார். கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். யானை, பாம்பு, சாமியார், நாற்றம் என்று நான்கு சொல்லில் நாட்டை அடக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் சண்டை போட்டிருக்கிறேன், தோற்றும் இருக்கிறேன். ஒருமுறை என் தஞ்சாவூர்க் கட்டுரைக்கு ராஜஸ்தான் ஒட்டகப் படம் போட்டார்கள்.

ஆனால் ஜந்தர் மந்தரில் அந்தப் பெரியவர் தோடு விற்ற கதையைச் சொன்னது இந்தியாவைக் குறை சொல்ல அல்ல. அதை எழுதாமல் இருந்தால் நாட்டின் பெருமை கூடியிருக்காது. தமிழ் நாளிதழுக்கு எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன், சம்பா என்றால் என்ன என்ற விளக்கம் மட்டும் இருந்திருக்காது. தகவல் தவறு என்றால் எந்த வரி என்று காட்டுங்கள், திருத்தம் போட வைக்கிறேன். இதுவரை மூன்று முறை போட வைத்திருக்கிறேன். அதில் இரண்டு என் தவறு.

20. பத்திரிகைகளே மூடிக்கொண்டிருக்கும்போது இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாள்?

பீரோக்கள் சுருங்குவது உண்மை. பிபிசியின் 'தமிழோசை' வானொலி 2017-இல் நின்றது. டிஜிட்டல் செய்தி ஊடகத்தில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 26 சதவீத வரம்பு வந்தபின், பிபிசியின் இந்திய மொழிப் பிரிவுகள் 2024-இல் கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற தனி இந்திய நிறுவனமாயின. நான் பாங்காக்கிலிருந்து திரும்பியதற்கும் காரணம், அந்தப் பணியிடத்தையே எடுத்துவிட்டார்கள் என்பதுதான். ஊரிலிருந்து ஆளை அனுப்பி வீடு, பள்ளிக் கட்டணம் எல்லாம் கொடுப்பதைவிட, அந்தந்த ஊர் நிருபரையே வைத்துக்கொள்வது மலிவு. இதனால் வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு குறைகிறது, 1-இல் சொன்ன மூன்றாம் வகைக்கு வேலை கூடுகிறது. கூலி மட்டும் அதே வேகத்தில் கூடவில்லை.

21. எங்கள் பையனை உங்களிடமே சேர்த்துக்கொள்ளுங்களேன்?

நானே தினமும் யாரிடம் சேரலாம் என்று பார்க்கிறவள். ஆனால் வரச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு மாவட்டத்தை வீதி வீதியாகத் தெரிந்தவனாக இருக்கட்டும், 7-இல் சொன்னபடி மூன்று பிட்ச் எழுதிக்கொண்டு வரட்டும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒருவரிடமாவது பேசியிருக்கட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வந்தால் போதும். சனிக்கிழமை இரவு நியூயார்க்கிலிருந்து தொலைபேசி வந்தால் நான் தூங்கும்போது மணி மூன்றாகிவிடும்.